நிதியத்தின் மொத்தத்தைப் பார்த்துச் செலவுக் கணக்குப் போடாதீர்கள்

போன மாதம் மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களின் விவாதப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். இலங்கைக்கும் ஓர் இறையாண்மைச் செல்வ நிதியம், அதாவது அரசு தன் மிகை வருமானத்தைச் சேர்த்து முதலிடும் நிதியம், வேண்டுமா என்பது தலைப்பு. பிள்ளைகள் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் விட்ட பிழைகளில் பாதி, பதினைந்து வருடங்களுக்கு முன் பொருளியல் வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதியவை. வாய் தடுமாறியவற்றை விட்டுவிடுகிறேன். மற்றப் பிழைகள் இவை.

ஊழியர் சேமலாப நிதியையும் இதில் சேர்ப்பது

அது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சேரும் பணம். முதலீட்டை மத்திய வங்கி பார்த்துக்கொண்டாலும் சொந்தக்காரர் அங்கத்தவர்கள்தான். இறையாண்மை நிதியத்தில் இருப்பது அரசின் பணம். பெரும்பாலும் எண்ணெய், கனிமம் போன்றவற்றில் வந்த மிகை வருமானம்.

மத்திய வங்கியின் டொலர் கையிருப்பு

அதுவும் இறையாண்மை நிதியம் இல்லை.

ஒரு நல்ல வருடத்தை நிரந்தர வருமானம் என்று எண்ணுவது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிற பிழை. ஒரு பிள்ளை மேடையில், “நோர்வே நிதியம் ஒரே வருடத்தில் 25 வீதம் உழைத்தது, அதை அப்படியே பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம்” என்றது. 2009இல் 25.6 வீதம் என்பது சரி. அதற்கு முந்தைய வருடம் 23.3 வீதம் நட்டம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. 2022 கடைசியில் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தேன். பத்து இலட்சத்தை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டோம், வட்டி 24 வீதம். வருடத்துக்கு 2,40,000 ரூபாய். பத்துப் பிள்ளைகளுக்கு மாதம் இரண்டாயிரம் என்று, உயர்தரம் முடியும்வரை வாக்குக் கொடுத்துவிட்டோம். அந்த டிசம்பரில் பணவீக்கம் 57 வீதம். வட்டி வந்துகொண்டிருக்கும்போதே பத்து இலட்சத்தின் பெறுமதி கரைந்துகொண்டிருந்தது. பொருளியல் படிப்பிக்கிற எனக்கு அது உறைக்கவில்லை. அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனபோது வட்டி பாதிக்கும் கீழே. வைப்பிலேயே கை வைத்தோம். அதற்கடுத்த வருடம் ஆறு வீடுகளுக்குப் போய் ‘இனி இல்லை’ என்று சொன்னவன் நான்தான். வவுணதீவில் ஒரு தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பிறகுதான் எனக்கு வாயே திறந்தது.

நோர்வேக்காரர் இதைத்தான் விதி போட்டுத் தடுத்தார்கள். எண்ணெய் வருமானம் நிதியத்துக்குள் போகும். முதலீடு முழுவதும் வெளிநாட்டில். அரசு எடுப்பது, பணவீக்கம் கழித்து நீண்டகாலத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிற வருவாயின் அளவுக்குத்தான். 2001இல் அதை 4 வீதம் என்று வைத்தார்கள், 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். அந்த அளவும் ஒரு வருடத்துக்கானதல்ல, பல வருடங்களைச் சேர்த்துப் பார்க்கும் சராசரி. நல்ல வருடம் வந்தது என்று விதி அசையாது.

வகுப்பில் இதை விளக்கித் திணறியபோது, கரடியனாற்றுப் பக்கத்து மாணவன் ஒருவன் கேட்டான்: “உன்னிச்சைக் குளம் முட்ட நிக்குது எண்டதுக்காக எல்லா வயல் கண்டத்துக்கும் தண்ணி விடுவாங்களா, சேர்?” விடமாட்டார்கள். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து, எத்தனை ஏக்கர் என்று தீர்மானித்த பிறகுதான் கதவு திறக்கும். அன்றைக்குப் பிறகு என் குறிப்பில் அந்தப் பகுதியை அவன் சொன்னபடியே மாற்றி எழுதினேன்.

‘அரசு நிர்வகிக்கிறது’ என்று எழுதி முடிப்பது

எந்த அரசு? நோர்வேயில் சட்டம் போடுவது பாராளுமன்றம். உரிமையாளர் என்ற இடத்தில் நிதியமைச்சு. பங்குகளை வாங்கி விற்பது மத்திய வங்கியின் தனிப் பிரிவு, அமைச்சர் தொலைபேசியில் சொல்லி ஒரு கம்பனியை வாங்கவைக்க முடியாது. மலேசியாவின் 1எம்டிபியை எடுங்கள். மிகை வருமானத்தைவிடக் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தில் நின்ற நிதியம் அது. ஆலோசனைச் சபையின் தலைவராக இருந்தவரே நாட்டின் அப்போதைய பிரதமர். 450 கோடி டொலருக்கு மேல் களவு போனதாக அமெரிக்க நீதித் திணைக்களம் சொன்னது.

தலைக்கு எவ்வளவு என்று வகுப்பது

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1982 முதல் தங்கள் நிதியத்தின் வருவாயில் ஆளுக்கு ஆள் பங்கு கொடுக்கிறார்கள். நோர்வேயில் அப்படி இல்லை.

சந்தியாகோ கோட்பாடுகளைச் சட்டம் என்பது

இறையாண்மை நிதியங்கள் எப்படி நடக்கவேண்டும் என்று 2008இல் வந்தவை, மொத்தம் 24. பின்பற்றுவது நாடுகளின் விருப்பம்.