மரணச் சான்றிதழ் முதல் காணி உறுதி வரை: வீட்டில் ஒருவர் காலமான பின் பார்க்க வேண்டிய அலுவல்கள்

தந்தையார் காலமான பின் திருகோணமலையில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். வங்கி, ஊழியர் சேமலாப நிதி, காணி என்று எந்த அலுவலுக்குப் போனாலும் முதலில் பார்க்கப்படுவது மரணச் சான்றிதழில் உள்ள பெயர்தான். அது சரியாக இருந்தால் மற்றவை மெதுவாகவேனும் நகரும். அது பிசகினால் எல்லாமே நின்றுவிடும்.

1. மரணத்தைப் பதிதல்

மரணம் நிகழ்ந்த பிரிவின் பதிவாளரிடம் ஐந்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வைத்தியசாலையில் என்றால் வைத்தியர் தரும் மரணக் காரணச் சான்றும், வீட்டில் என்றால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும், திடீர் மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையும் தேவை. எட்டுச் செலவு முடியட்டும் என்று பொறுத்திருந்தால் அந்த ஐந்து நாளும் கடந்துவிடும். மேலதிக சிகிச்சைக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுசென்ற இடத்தில் உயிர் பிரிந்திருந்தால் பதிவும் அங்கேதான் நடைபெறும்; ஆகவே உடலைக் கொண்டுவரும் அவசரத்திலும் பதிவு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பெயரை ஒப்பிடுதல்

எங்களை அதிக காலம் மறித்து வைத்தது இந்தப் படிதான். உறுதியில் ‘கணபதிப்பிள்ளை’, அடையாள அட்டையில் ‘கணபதிபிள்ளை’, வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் இன்னொரு வடிவம், விவாகச் சான்றிதழில் முதலெழுத்தே இல்லை என்ற நிலை நம்மவர் வீடுகளில் புதிதல்ல. உயிரோடு இருக்கும்வரை ஆளே நேரில் வந்து நிற்பதால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர் போன பின் கடதாசி மட்டுமே பேசுகிறது.

எனவே பதிவேட்டில் கையொப்பமிடும் முன், மேற்சொன்ன ஆவணங்கள் அனைத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய ஆவணங்களுக்கிடையில் வேறுபாடு இருந்தால், இப்பெயர்கள் யாவும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்துக்கொள்ளலாம். பிழை மரணப் பதிவிலேயே இருந்தால் சத்தியக் கடதாசியை நம்பியிருக்காமல், பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் பதிவைத் திருத்தவே விண்ணப்பியுங்கள். சிங்களச் சான்றிதழை மொழிபெயர்க்க நேர்ந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் அடையாள அட்டையின் பிரதியையும் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் காதுக்குப்பட்டபடி நான்காவது வடிவம் ஒன்று பிறந்துவிடும்.

சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகளை ஒரே தடவையில் தாராளமாக எடுத்துவிடுங்கள். அவற்றை லமினேற் செய்வதை நான் விரும்புவதில்லை. முத்திரையை ஒளியில் பிடித்துப் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பும் அலுவலர்கள் இருக்கிறார்கள். எங்கே, யாரிடம், எதைக் கொடுத்தோம் என்று குறித்து வைக்கக் கைபேசியைவிட ஒரு சீ.ஆர். கொப்பியே எனக்கு உதவியது.

3. பணம்

காலமானவரின் ஏ.ரி.எம். அட்டையைப் பயன்படுத்தாதீர்கள். ஓய்வூதியம் பெற்றவர் என்றால் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவியுங்கள். மரணத்துக்குப் பின் வந்து விழுந்த ஓய்வூதியத்தைத் திருப்பிக் கேட்பார்கள். துணைவருக்குரிய ஓய்வூதியத்துக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கணக்குக்குப் பின்னுரித்தாளி (உரியவர் காலமான பின் அதைப் பெறப் பெயர் குறிக்கப்பட்டவர்) நியமிக்கப்பட்டிருந்தால் வங்கியில் வேலை இலகு. இல்லாவிட்டால் கேட்கும் ஆவணங்கள் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.

தனியார் துறையில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒன்று, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறொன்று. முதலாவதைத் தொழில் அலுவலகத்தினூடாகவும், இரண்டாவதை அதன் சபையிடமும் தனித்தனியே கோர வேண்டும். ஒன்றைக் கோரியதும் மற்றதும் தானாக வரும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

4. காணி

இறுதி விருப்பாவணம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்டதும், நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் கையொப்பமிட்டதும் செல்லும். இருந்தால் அதை உறுதிப்படுத்த மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு. இல்லாவிட்டாலும் சொத்தின் பெறுமதி சட்டம் குறித்த தொகையைத் தாண்டினால் அதே நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதம் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) பெற வேண்டும். இங்கே சட்டத்தரணி இல்லாமல் இறங்க வேண்டாம்.

விருப்பாவணம் இல்லாத சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பது திருகோணமலையில் வீட்டுக்கு வீடு மாறும். பொதுச் சட்டமான 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி துணைவருக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. தேசவழமை என்ற வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்து வழியினருக்கு முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று கணக்கு வேறு. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம்.

தம்பலகாமம், மூதூர்ப் பக்கங்களில் பலரிடம் உள்ள, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி இந்த வழிகள் எதிலும் போகாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி முதலில் உயிரோடுள்ள துணைவருக்கும், பின்னர் பதியப்பட்ட பின்னுரித்தாளிக்கும் அது செல்லும். துணைவர் ஆறு மாதத்துக்குள் காணியை ஆட்சிக்கு எடுக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். அந்தியேட்டி முடிந்ததும் தாயாரைப் பிள்ளைகளின் வீட்டுக்கு அழைத்துச் செல்பவர்கள், பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய்விட்டே அழைத்துச் செல்லட்டும்.

பின்னர் சேர்த்தது: தந்தை உயிரோடிருக்கையில் எழுதித் தந்த அற்றோணித் தத்துவத்தை (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் ஆவணத்தை) வைத்துக் காணி அலுவலைத் தொடரலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது, கொடுத்தவர் காலமானதுமே அது செயலிழந்துவிடும். கனடாவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளை தன் உரிமைக்காக இப்போது புதிதாகக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வேறு. அதை அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் முடித்து அனுப்பி, இங்கே பதிவு செய்த பின்னரே பயன்படுத்துங்கள். அதில் எழுதப்படும் பெயரையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள்.