ஆஃப்ரோடு பூட்ஸ்: போட்டு நடப்பதற்கு முன் கையால் முறுக்கிப் பாருங்கள்

கடையில் நாலு அடி நடந்து பார்த்து, "மெத்தென்று இருக்கிறது" என்று வாங்கும் பூட்ஸ்தான் கரடுமுரடான பாதையில் பெரும்பாலும் காலைக் கைவிடுகிறது. நடக்கும்போது இதமாக வளைகிற பூட்ஸ், பைக் காலின் மேல் சாயும்போதும் அப்படியே வளையும். கால் தாங்க வேண்டிய விசை எந்தத் திசையிலிருந்து வரும், அதை பூட்ஸின் எந்தப் பாகம் ஏற்றுக்கொள்ளும் என்ற கேள்வியிலிருந்து தேர்வைத் தொடங்குங்கள். அதன் பிறகு, நாள் முழுக்கக் கழற்றாமல் உங்களால் போட்டிருக்க முடிகிறவற்றில் மிக விறைப்பானதை எடுங்கள். இதைவிட விறைப்பானதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை.

கால் எப்படி அடிபடுகிறது

முதலில் நசுங்கல். சாமான் ஏற்றிய அட்வென்சர் பைக் (சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் நெடும்பயணம் போகும் பெரிய பைக்) 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அது மெதுவாகச் சாய்ந்தாலும், பாதம் தரைக்கும் பைக்குக்கும் நடுவே பக்கவாட்டில் அழுந்துகிறது. பின்புறம் பக்கப் பெட்டிகள் கட்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தடுமாறும்போது நாம் காலை ஊன்றிவிடுகிறோம், பைக்கோ முன்னே நகர்கிறது. பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலைப் பின்னாலிருந்து இடித்து, காலைத் தனக்கு அடியில் இழுத்துக்கொள்கிறது. பாதம் மண்ணில் பதிந்து நிற்க, அதற்கு மேலே உள்ள கால் மட்டும் திரும்புகிறது. கணுக்கால் முறிவதற்கு இது மிகத் தோதான நிலை. உலோகப் பெட்டிக்குப் பதில் துணிப் பைகளைக் கட்டுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடுத்தது முறுக்கும் பின்மடிப்பும். ஃபுட்பெக்கில் (ஓட்டுபவர் கால் வைக்கும் பற்களுள்ள கட்டையில்) நின்று ஓட்டும்போது விரல்நுனி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், பாதையோரக் கல்லோ வேரோ அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிடும். பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி பைக் சட்டென நிற்கும்போது, உடல் எடை முழுவதும் கணுக்காலை அது மடங்கக்கூடிய எல்லைக்கு அப்பால் தள்ளுகிறது.

மூன்றாவது நேரடி அடி. முன்சக்கரம் தெறிக்கவிடும் கல், வழுக்கிய கால் திரும்பி மோதும் ஃபுட்பெக்கின் பற்கள், மரக்கட்டை. இவை முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓடும் எலும்பையும் விரல்களையும் தாக்குகின்றன. அந்த எலும்பின் மேல் சதையே கிடையாது, தோல் மட்டுந்தான்.

நசுங்கலைத் தடுப்பது சோலின் குறுக்கு விறைப்பு. முறுக்கைத் தடுப்பது கணுக்காலின் இரு பக்கமும் உள்ள கீல் சட்டமும் குதிகால் கிண்ணமும். அடியைத் தாங்குவது முன்பக்கத் தகடும் விரல் பெட்டியும். மூன்றும் தனித்தனி வேலை. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றவையும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். விரல் பெட்டி இரும்பு போலிருந்தும், கணுக்காலில் வெறும் பஞ்சு மட்டும் வைத்த பூட்ஸ்கள் நிறையவே உண்டு.

எந்த வகை

மண் தடப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் பூட்ஸ் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏறும். பிளாஸ்டிக் ஓடு, கணுக்கால் கீல், மூன்று அல்லது நான்கு பக்கிள்கள். பாதுகாப்பில் இதற்கு மேல் இல்லை. சோல் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும், ஃபுட்பெக்கில் காலை நகர்த்துவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சேற்றில் விழுந்த பைக்கைத் தூக்க நின்றால் வழுக்கும்.

எண்டியூரோ பூட்ஸ் என்பது ஏறக்குறைய அதே மேல்பாகத்துடன் ஆழமான கட்டைகள் கொண்ட சோல் வைத்தது. இறங்கித் தள்ள வேண்டிய பாதைகளுக்கு இதுவே சரி. அல்பைன்ஸ்டார்ஸ் டெக் 7 போன்ற மாடல்கள் இரண்டு சோல்களிலும் வருகின்றன. வாங்கும்போது பெயரில் "எண்டியூரோ" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

அட்வென்சர் பூட்ஸ் என்ற பெயரில்தான் குழப்பம் அதிகம். சிடி அட்வென்சர் 2 போல இரு பக்கக் கீல் சட்டத்தோடு வருபவையும், தோலும் பக்கிளும் மட்டும் வைத்துத் தோற்றத்தில் முரட்டுத்தனமாக இருப்பவையும் ஒரே அலமாரியில் நிற்கும். பெயரை நம்பாமல், கீழே சொல்லும் கைச் சோதனையை நம்புங்கள்.

டூரிங் பூட்ஸ் தார்ச்சாலைக்கானது. உராய்வைத் தாங்கும், மழையைத் தடுக்கும், முறுக்கைத் தடுக்காது. மலையேற்றக் காலணி, ராணுவ பூட்ஸ், தொழிற்சாலைக் காலணி மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது. கயிறு கியர் லிவரில் மாட்டும், தடித்த விரல் மூடி லிவருக்குக் கீழே நுழையாது, கணுக்காலுக்கு மேலே கடினமான காப்பு எதுவும் இருக்காது.

இலகுவான பைக்கில் பாதிக்கு மேல் மண்ணிலும் பாறையிலும் ஓட்டுபவர் எண்டியூரோ பூட்ஸையே வாங்க வேண்டும். கனமான பைக்கில் சரளைப் பாதையும் நீண்ட சாலையும் கலந்து ஓட்டுபவருக்கு, இரு பக்கச் சட்டம் உள்ள உயரமான அட்வென்சர் பூட்ஸ் பொருந்தும். பைக் கனமாக ஆக ஆக பூட்ஸும் விறைப்பாக வேண்டும். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சின்ன பைக்குக்கு மோட்டோகிராஸ் பூட்ஸ், பெரிய பைக்குக்கு மெல்லிய டூரிங் பூட்ஸ்.

கைச் சோதனை

காலில் போடுவதற்கு முன்பே இவற்றைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

1. ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் விரல்பகுதியையும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். சோல் சுலபமாகத் திருகிக்கொண்டால் அந்த பூட்ஸை வைத்துவிடலாம்.
2. விரல்களுக்குப் பின்னால் பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கக் கூடாது.
3. கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கட்டைவிரலால் குத்துங்கள். இரண்டு பக்கமும் கடினமான தகடு தட்டுப்பட வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் தகடு வைத்து, உள்பக்கம் வெறும் பஞ்சோடு விடுவது வழக்கமான சிக்கனம்.
4. மேல்பாகத்தைப் பிடித்து நான்கு திசையிலும் சாய்த்துப் பாருங்கள். முன்னே வளைய வேண்டும். பின்னே கொஞ்சம் போய் நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஏறக்குறைய அசையவே கூடாது.
5. விரல்பகுதியையும் குதிகாலையும் இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் வைத்து, நடுவில் அழுத்துங்கள். உள்ளே எஃகு அல்லது கூட்டுப்பொருள் தகடு இருந்தால் தொய்யாது. அது இல்லாவிட்டால், ஃபுட்பெக்கில் ஒரு மணி நேரம் நின்றாலே உள்ளங்கால் வலிக்கும்.

முத்திரையைப் படிப்பது

மோட்டார் சைக்கிள் காலணிக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 13634. உள்ளே தைத்திருக்கும் துணியில் பைக் ஓட்டுநர் படமும் அதனருகே எண்களும் இருக்கும். 2017 பதிப்பில் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. வரிசையாக: மேல்பாகத்தின் உயரம், உராய்வைத் தாங்குதல், வெட்டைத் தாங்குதல், சோலின் குறுக்கு விறைப்பு. ஆஃப்ரோடுக்கு நான்காவது எண்தான் முதலில் பார்க்க வேண்டியது. அது 2 ஆக இருக்கட்டும். முதல் எண் 2 என்றால் முழங்கால் வரை ஏறும் என்று பொருளல்ல, 20 செ.மீ.க்கும் குறைவான உயரத்துக்கே 2 கொடுத்துவிடுவார்கள். கூடுதல் எழுத்துகளில் ஐ.பி.ஏ. என்றால் கணுக்கால் அடி காப்பு, ஐ.பி.எஸ். என்றால் முன்னெலும்பு அடி காப்பு, டபிள்யூ.ஆர். என்றால் நீர்த்தடுப்பு. முறுக்கை இந்த நான்கு எண்களில் எதுவும் அளப்பதில்லை. ஆகவே நான்கும் 2 என்றிருந்தாலும் கைச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அளவு

இதில் அவசரம் வேண்டாம். ஒரே எண் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு நீளம். சென்டிமீட்டரில் அளந்து அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி எடை முழுவதையும் ஊன்றி நின்று, இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். நீளமான பாதமே கணக்கு. கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தையும், ஓட்டும்போது போடும் பேன்ட்டும் முழங்கால் காப்பும் சேர்ந்த நிலையில் அளந்துகொள்ளுங்கள். நீளம் சரியாக இருந்து மேல் பக்கிள் பூட்டாமல் திருப்பி அனுப்பப்படும் பூட்ஸ்கள் அதிகம்.

போட்டுப் பார்க்கும்போது, ஓட்டுவதற்கு வைத்திருக்கும் நீளமான சாக்ஸையே போடுங்கள். அது பூட்ஸின் விளிம்பைத் தாண்ட வேண்டும், பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் உண்டாக்கும். குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்கு உட்கார வைத்து, பாதத்தின் மேல்வளைவைப் பிடிக்கும் பக்கிளை முதலில் இறுக்குங்கள். குதிகாலை அடக்கி வைப்பது அதுதான். மற்றவற்றைப் பின்னர் பூட்டலாம், மேல் பக்கிளைக் கடைசியாகவும் கொஞ்சம் தளர்வாகவும்.

இனி கவனிக்க வேண்டியவை: விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் நின்று பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நகம் இடிபட்டுக் கறுக்கும். நடக்கும்போது குதிகால் லேசாக எழலாம், 1 செ.மீ. எழுந்தால் அளவு பெரிது. கீலின் மையம் கணுக்காலின் புடைத்த எலும்புக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மேலோ கீழோ தள்ளியிருந்தால் கால் ஓரிடத்திலும் பூட்ஸ் வேறோரிடத்திலும் மடியும், அதை எத்தனை நாள் போட்டாலும் பழகாது. கடைசியாகக் குந்துங்கள். பூட்ஸின் பின்விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தக் கூடாது. முன்னால் முழங்கால் காப்பின் கீழ்விளிம்பு பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டிச் சில சென்டிமீட்டராவது கீழே இறங்கியிருக்க வேண்டும். விறைப்பான பூட்ஸ் கணுக்காலைக் காக்கும்போது முறுக்கின் ஒரு பகுதி முழங்காலுக்கு ஏறுகிறது. அதனால் முழங்கால் காப்பையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

நீர்

உள்ளே நீரைத் தடுக்கும் மெல்லிய ஜவ்வு வைத்த நீர்ப்புகா பூட்ஸ் மழைக்கும் ஈரப் புல்லுக்கும் அருமை. ஓடை கடப்பது வேறு கதை. நீர் ஒருமுறை மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், வெளி நீரை உள்ளே விடாத அதே ஜவ்வு அதை உள்ளேயே வைத்திருக்கும், அடுத்த நாள் காலையிலும் ஈரம் காயாது. ஆழமான நீரை அடிக்கடி கடப்பவர் ஜவ்வில்லாத பூட்ஸும் நீர்ப்புகா சாக்ஸும் எடுப்பது நல்லது. மழையில் பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே திணித்தால் துணி வழியே வடியும் நீர் நேரே பாதத்துக்குப் போகும்.

வாங்கிய பிறகு பைக்கைத் திருத்துங்கள்

புது பூட்ஸோடு கியர் மாறவில்லை என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் லிவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். லிவரின் பிடிப்பு போல்ட்டை முழுதாகக் கழற்றி, தண்டின் பற்களில் ஒரு பல் மேலே ஏற்றி மாட்டுங்கள். தடித்த விரல்பகுதி அப்போதுதான் கீழே நுழையும். இணைப்புக் கம்பி உள்ள பைக்கில் அதன் நீளத்தை மாற்றினால் போதும். பிரேக் பெடலை உயர்த்தும்போது சிறிது வெற்று அசைவு கட்டாயம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பிரேக் விடாமல் உரசிச் சூடேறிப் பூட்டிக்கொள்ளும். பின்விளக்கு மிதித்தவுடன் எரிகிறதா என்பதையும் பாருங்கள், அதன் சுவிட்சும் இதோடு நகர்ந்திருக்கும்.

விறைப்பான பூட்ஸில் முதலில் பெடல் உணர்வே வராது. வீட்டில் அரை அரை மணி நேரமாகச் சில நாள் போட்டு நடந்து, பிறகு வெறிச்சோடிய இடத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். கியரை விரலால் தேடாமல் முழுக் காலையும் தூக்கி மாற்ற வேண்டும். புது பூட்ஸோடு நேராக நீண்ட பயணம் கிளம்ப வேண்டாம்.

பராமரிப்பும் பழைய பூட்ஸும்

பக்கிள்தான் முதலில் போகும். பாறையில் உரசி வார் அறும், திருகு கழன்று விழும். தனித்தனியாகக் கழற்றி மாட்டும் பக்கிள் உள்ள மாடலை எடுத்து, ஒரு வார், ஒரு திருகு, கொஞ்சம் ஒட்டுநாடாவைப் பயணப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்பெக்கின் கூர்மையான பற்கள் சோலின் நடுப்பகுதியை அரைத்துவிடும். உள்தகடு தெரிவதற்கு முன்பே சோலை மாற்ற வேண்டும்.

சேறு காய்ந்ததும் தூரிகையால் தட்டி, சாதாரணக் குழாய் நீரில் கழுவுங்கள். அழுத்தக் குழாய் தையலையும் ஜவ்வையும் பிரிக்கும். இன்சோலை (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் தனி அட்டையை) வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமாக ஆக மாற்றி, நிழலில் காயவையுங்கள். அடுப்பருகே காய்ந்த தோல் வெடிக்கும், ஒட்டு விடும்.

பழைய பூட்ஸ் வாங்குவதானால் தேய்மானத்தைவிட வயதைப் பாருங்கள். பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். பெட்டியில் பல வருடம் தூங்கிய புத்தம் புது ஜோடிகூட முதல் பயணத்தில் பொடிப்பொடியாக உதிரலாம். சோலின் பக்கத்தில் நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ வாங்க வேண்டாம். பெரிய விழுகைக்குப் பிறகு கீலை அசைத்து, இரண்டு பூட்ஸையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தளர்ந்தோ கோணியோ இருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அந்த ஜோடியை ஆஃப்ரோடுக்குப் போட வேண்டாம்.