டெல்டாவில் மனை வாங்கும் முன்: எந்தப் பகுதிகளை ஒதுக்குவது?

வாடகைக்கு விட ஒரு வீடு கட்டலாம் என்று கும்பகோணத்தைச் சுற்றி மனை தேடினேன். சித்திரையில் கட்டாந்தரையாக இருந்த இடம், முன்பணமும் கொடுத்தாயிற்று. ஐப்பசியில் போனால் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வடிகால் வாய்க்காலைத் தூர்த்து, அதன் மேல் மனைப்பிரிவின் சாலையைப் போட்டிருந்தார்கள்.

முதலில் புல எண்ணை (சர்வே நம்பரை) வாங்குங்கள். பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (அந்த எண்ணின் அளவுப் படம்) மூன்றையும் அரசின் இணையச் சேவையில் நீங்களே எடுங்கள். தரகர் தரும் நகல் வேண்டாம்.

அடுத்தது, நான் கோட்டை விட்ட இடம். புலப்படம் ஒரு புல எண்ணை மட்டும்தான் காட்டும். வாய்க்காலுக்குப் பெரும்பாலும் தனி எண் இருக்கும். நம் படத்தில் அது ஓரத்தில் வெறும் பக்கத்து எண்ணாகத்தான் தெரியும். அதனால் சுற்றியுள்ள எண்கள் ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். 'வாய்க்கால்' என்று வந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டு, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த வழியே நடந்து போங்கள். நடுவில் மண் மேடு இருந்தால் அந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வளரும் கோரையும் சம்பும் மண்டிய இடமும் அப்படித்தான். பக்கத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்; நான் எந்த வரைபடத்தையும்விட அதைத்தான் நம்புவேன்.

மூன்றாவது, கோயில், மடத்து நிலம். விலை குறைவாக வரும் பழைய வீடு என்றால், அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்தக் கிரயம் செல்லாது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மட்டும் சொன்னால் வேண்டாம். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த அனுமதி எண் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லாமல் போட்ட மனைப்பிரிவு, 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்துக்குள் வராது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் அக்கம்பக்கத்து போர் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் வாடகைக்கு ஆள் நிற்காது.

பிற்சேர்க்கை: தாய்ப்பத்திரத்தில் (சொத்தின் பழைய மூலப் பத்திரத்தில்) உள்ள புல எண் இணையத்தில் வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அரசு நிலத்தை மறுபடி அளந்த மறு அளவையில் எண் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு எண்ணுக்கும் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். முப்பது வருடத்துக்காவது.