பில் சீக்கிரம் பதிய வேண்டும், தொலையவும் கூடாது: சின்ன ஆபீஸ் சர்வரில் டிஸ்க் கேஷ்

சிங்கப்பூரில் ஊபி, காக்கி புக்கிட் பக்கத்துச் சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடிக்கடி வரும் புகார், "பில் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு அண்ணே" என்பதுதான். உடனே யாராவது போஸ்ட்கிரெஸில் (பில் கணக்கு வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) எஃப்சிங்க்கை, அதாவது எழுதியது டிஸ்கில் நிஜமாகப் பதிந்ததா என்று உறுதிசெய்யும் அமைப்பை, நிறுத்தச் சொல்வார்கள். வேகம் கூடும், உண்மைதான். ஆனால் திடீரென மின்சாரம் போனால் டேட்டாபேஸ் மொத்தமாகக் கெட்டுப்போகலாம். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு கமிட்டின்போதும், அதாவது ஒரு பதிவை முடித்து உறுதிசெய்யும்போதும், டேட்டாபேஸ் டிஸ்கிடம் "நிஜமாக எழுதிவிட்டாயா?" என்று கேட்டுக் காத்திருக்கும். டிஸ்குக்குள் ஒரு சின்ன நினைவகம் உண்டு, அதுதான் கேஷ். கேஷ் இருப்பது தப்பில்லை. அதில் வைத்துக்கொண்டே "எழுதியாச்சு" என்று டிஸ்க் பொய் சொன்னால்தான் ஆபத்து.

முதலில் அளந்து பாருங்கள். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுற்றும். ஒரே இணைப்பிலிருந்து கமிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், வினாடிக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் முடியும். போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியை அந்த டிஸ்கிலேயே ஓட்டுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால், நடுவே ஏதோ ஒரு கேஷ் பதில் சொல்கிறது என்று அர்த்தம்.

எஸ்எஸ்டியில் எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அதனால் சர்வரை ஒப்படைக்கும் முன், டேட்டா எதுவும் ஏற்றாத நிலையில், நான் இப்படிச் சோதிப்பேன். லேப்டாப்பிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணாக டேபிளில் சேர்த்து, கமிட் ஆனதாகப் பதில் வந்த பிறகே அந்த எண்ணைத் திரையில் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். திரும்ப எழுந்ததும், லேப்டாப்பில் கடைசியாகத் தெரிந்த எண் டேபிளில் இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. குறைந்தால் அந்த டிஸ்கில் கணக்கு வைக்கக்கூடாது. ஒரு தடவை தேறினால் போதாது, பல தடவை செய்து பாருங்கள்.

"சிங்கப்பூரில் கரண்ட் எங்கே போகிறது?" என்று முதலாளிகள் கேட்பார்கள். வெளியே போவது அபூர்வம்தான். ஆனால் பேன்ட்ரி கெட்டில் பழுதானால் பிரேக்கர் விழும். வேக்கூம் கிளீனர் செருக இடம் இல்லாமல் யாராவது பிளக்கைப் பிடுங்குவார்கள். யுபிஎஸ் அவசியம். ஆனால் சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளையே செத்தால் அது காப்பாற்றாது. அதனால் மின்தடைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் (மின்சாரம் போனதும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்கச் சக்தி தருவது) உள்ள எஸ்எஸ்டியே வாங்கச் சொல்வேன்.

விண்டோஸ் சர்வரில் டிவைஸ் மேனேஜர், டிஸ்க் டிரைவ்ஸ், பாலிசிஸ் என்று போனால் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் ரைட் கேஷிங். டிஸ்க் சோதனையில் தேறியிருந்தால் டிக் இருக்கட்டும். இரண்டாவது, பஃபர் ஃப்ளஷிங்கை (கேஷில் இருப்பதை டிஸ்கில் எழுதச் சொல்லும் கட்டளையை) நிறுத்துவது. அதில் டிக் வேண்டாம்.

சரி, இதற்குள்ளேயே வேகம் எப்படிக் கூட்டுவது? பெரும்பாலும் குற்றம் மென்பொருளில்தான் இருக்கும். 5000 வரி இன்வாய்ஸை வரிக்கு ஒரு கமிட்டாக ஏற்றினால், அந்த ஹார்ட் டிஸ்கில் 40 வினாடிக்கு மேல் காத்திருப்பிலேயே போகும். மொத்தத்தையும் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது கடைசியில் ஒரே கமிட்டோடு முடியும் தொகுப்பில், போட்டால் கமிட்டுக்கான காத்திருப்பு ஒரே ஒரு தடவைதான். அப்புறம், வருகைப் பதிவு லாக் போன்றவற்றுக்கு மட்டும் சின்க்ரனஸ் கமிட்டை (டிஸ்கில் பதியும்வரை காத்திருப்பதை) நிறுத்தலாம். இயல்பு அமைப்பில், மின்சாரம் போனால் கடைசி அரை வினாடி சொச்சப் பதிவுகள் போகலாம், டேட்டாபேஸ் கெடாது. பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் இதைச் செய்யாதீர்கள்.

நேற்றுவரை நன்றாக ஓடிய சர்வர் இன்று திடீரென மந்தமானால், ரெய்டு கார்டின் (பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு) பேட்டரியைப் பாருங்கள். மின்சாரம் போனாலும் கார்டின் கேஷைக் காப்பது அதுதான். பேட்டரி செத்தால் பல கார்டுகள் தாமாகவே ரைட்பேக்கிலிருந்து (கேஷில் வைத்ததுமே "எழுதியாச்சு" என்பது) ரைட்த்ரூவுக்கு (டிஸ்கில் எழுதிய பிறகே சொல்வது) மாறிவிடும். வார இறுதியில் ஏர்கானை நிறுத்திவிடும் அறைகளில் சூட்டுக்குப் பேட்டரி சீக்கிரம் போகும். அப்போது "பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்பேக்" என்ற விருப்பம் மெனுவில் கண்ணில் படும். அதைத் தேர்ந்தெடுக்காமல், கார்டின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய் அதற்குரிய பேட்டரியை வாங்கி மாட்டுங்கள்.