கூட்டாக நடத்தும் ஹோஸ்டிங்கைப் புதிய சேர்வருக்கு மாற்றுவது எப்படி?

கோப்புகளை நகலெடுப்பது இதில் லேசான வேலை. திருகோணமலையில் கோயில், பள்ளிக்கூடம், மீனவர் சங்கம், சிறுகடை என்று பலருடைய தளங்களைத் தன்னார்வலர்கள் ஒரே சேர்வரில் வைத்து நடத்தும்போது, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யாருடைய பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் என்பதில்தான் முதலில் இடறும். ஆகவே புதிய சேர்வர் எடுக்குமுன் ஒரு அட்டவணை போடுங்கள். தளத்துக்கு ஒரு வரி: டொமைன், அது காலாவதியாகும் நாள், டிஎன்எஸ் (டொமைனைச் சேர்வரின் ஐபி எண்ணோடு இணைக்கும் பதிவேடு) இருக்குமிடம், பதிவுக் கணக்கின் மின்னஞ்சல், பிஎச்பி (தளம் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு, தரவுத்தளம், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), அஞ்சல் பெட்டிகள், பொறுப்பாளரின் தொலைபேசி. பதிவுக் கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால் இப்போதே வெளி முகவரிக்கு மாற்றிவிடுங்கள். அஞ்சல் விழுந்தால் கடவுச்சொல்லை மீட்கவும் வழியிராது.

நாள் குறிக்கும்போது ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். கோணேசர் கோயில் திருவிழா, சிவராத்திரி, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலம் எல்லாம் வேண்டாம். நவம்பர், டிசம்பர் மாரிமழையும் வேண்டாம். சேர்வருக்கு ஒன்றும் ஆகாது, கரண்ட் போவது உங்கள் வீட்டில். எந்தக் காலமானாலும் கட்டளைகளைச் சேர்வரிலேயே ஓடவிடும் டிமக்ஸ் கருவிக்குள் ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

டிஎன்எஸ் டிடிஎல், அதாவது பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், பல இடங்களில் 86400 விநாடி, அதாவது ஒரு நாள். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே 300 ஆக்குங்கள். அன்றிரவு குறைத்துப் பயனில்லை. பழைய மதிப்பை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அது எட்டாது. புதுவகை ஐபி எண்ணான ஐபிவி6-இன் பதிவையும் மாற்ற மறக்கவேண்டாம். அதை விட்டால் ஒரு பகுதிப் பேர் பழைய சேர்வரிலேயே நிற்பார்கள், உங்கள் திரையிலோ எல்லாம் சரியாகத் தெரியும். டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் பெயர்ச் சேர்வர்களையும் அதே வாரத்தில் மாற்ற நினைக்காதீர்கள்.

கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு சேர்வருக்குச் சேர்வர் நேரே அனுப்புங்கள். சில நாள் முன்பே முழு நகல் எடுத்தால், கடைசி இரவில் மாறியவை மட்டும் போகும். அதற்கு முன் புதிய சேர்வரில் பயனர்களைப் பழைய பயனர் எண்களோடேயே உருவாக்க வேண்டும். எண் மாறினால் ஒருவருடைய கோப்பு இன்னொருவருக்குச் சொந்தமாகிவிடலாம்.

தமிழ்த் தளங்களுக்கு உண்மையான கண்டம் தரவுத்தளம்தான். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய அட்டவணைகள் பல லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துக் குறியாக்கம்) என்று அறிவிக்கப்பட்டு, உள்ளே யூடிஎஃப்8 (யூனிகோட் குறியாக்கம்) எழுத்துகளைச் சுமக்கின்றன. இணைப்பும் லத்தீன்1 ஆக இருந்ததால் இதுவரை தெரியவில்லை. மைஎஸ்கியூஎல் 8 இயல்பாகவே யூடிஎஃப்8எம்பி4 என்பதால், மாற்றிய பிறகு பக்கம் முழுக்க ® குறி சிந்திக் கிடக்கும். முன்கூட்டியே சோதிக்கலாம்: ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் உள்ள ஒரு புலத்தின் எழுத்து எண்ணிக்கையைக் கேளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 வந்தால் சரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என 15 வந்தால் மேற்சொன்ன நோய். அப்படியானால் லத்தீன்1 இணைப்பிலேயே டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல் கோப்பு) எடுத்து, அந்தக் கோப்பில் எழுத்துக் குறியாக்க அறிவிப்புகளை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் ஏற்றுங்கள். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பக்கங்கள் அலங்கோலமாகத் தெரிந்தாலும் கெட்டுப்போனவையல்ல. அவற்றை இப்போது தொடாதீர்கள்.

உறுப்பினர்களுக்கு மூன்று நாள் முன்பும் அன்று மாலையும் வாட்ஸ்அப்பில் இப்படிப் போடுங்கள்: “சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 5 வரை தளத்தைப் பார்க்கலாம், எதையும் பதிவேற்ற வேண்டாம்.” சொன்னாலும் யாராவது படம் ஏற்றுவார்கள், எழுதும் அனுமதியை நீங்களே பூட்டுங்கள்.

பூட்டிய பின் கடைசி டம்ப், கடைசி ஆர்சிங்க். டிஎன்எஸ் மாறுமுன் புதிய சேர்வரில் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் (எச்டிடிபிஎஸ்) சான்றிதழை வழக்கமான வழியில் எடுக்க முடியாது என்பதால், பழையவற்றையே கொண்டுவாருங்கள். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியை எழுதி ஒவ்வொரு தளத்தையும் திறந்து பாருங்கள். விடிய 3 மணிக்குள் தேறாவிட்டால் திரும்பிவிடுவது என்று முன்பே பேசி வையுங்கள். புதிய சேர்வரில் எழுத அனுமதித்தபின் திரும்பினால் இடையில் வந்த தரவு போய்விடும். டிஎன்எஸ்ஸை மாற்றியதும், பழைய சேர்வரில் உள்ள எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் மென்பொருள் வருகிற கோரிக்கைகளைப் புதியதற்கே தள்ளிவிடட்டும்.

மின்னஞ்சலை அதே இரவில் தொடவே கூடாது என்பது எங்கள் கருத்து. இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் வெளியே போகும் வழியான போர்ட் 25 திறந்திருக்கிறதா என்று சேவையாளரிடம் முதலில் கேளுங்கள். புதிய கணக்குகளுக்குப் பலர் மூடியே தருகிறார்கள். அனுப்புபவர் நீங்கள்தான் என்று காட்ட உதவும் டிஎன்எஸ் பதிவுகளான பிடிஆர், எஸ்பிஎஃப், டிகிம் மூன்றும் சரியாக இருந்தாலும், பழக்கமில்லாத ஐபியிலிருந்து பெருந்தொகையாக அனுப்பினால் ஸ்பாமுக்குள் விழும். செய்திமடல்களைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள். பெட்டிகளை ஐமேப்சிங்க் என்ற கருவியால் நகர்த்தி, அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு மாறிய இரண்டு நாள் கழித்து மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். பிந்திய அஞ்சல்கள் பழைய பெட்டியில்தான் கிடக்கும்.

பழைய சேர்வருக்கு இன்னும் ஒரு மாத வாடகை கட்டுங்கள். விடுமுன் வட்டை அழித்துவிடுங்கள்.