தில்லிக் குளிரில் கரண்ட் போனால்: எலக்ட்ரிக் காரை வைத்து வீட்டைச் சமாளிப்பது எப்படி

தில்லியில் கரண்ட் வெட்டு என்றாலே எல்லோருக்கும் மே, ஜூன்தான் நினைவுக்கு வரும். மார்கழியிலும் தையிலும் போகும் கரண்டுக்குக் காரணம் வேறு. மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்களில் மாதக்கணக்கில் தூசி படிந்திருக்கும். பனிமூட்டத்தின் ஈரம் அதில் சேர்ந்தால் மின்சாரம் அதன் மேலாகவே கசிந்து பொறி பறக்கும், லைன் ட்ரிப் ஆகிவிடும். போதாததற்கு விடிகாலையில் வீட்டுக்கு வீடு கீஸரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓட, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் திணறும். இந்த வெட்டு பெரும்பாலும் வருவது வீட்டிலேயே குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்.

நாங்கள் இருப்பது மயூர் விஹாரில், தரைத்தள வீடு. மாமியாருக்கு இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும். அதனால் இந்த விஷயத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. வாசலில் நிற்கும் நெக்ஸான் இவி-யில் 45 கிலோவாட் மணி, அதாவது 45 யூனிட், பேட்டரி இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் நிரம்பியிருந்தாலே 1.8 யூனிட்தான், அதையும் அடிவரை உறிஞ்சக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையை ஏன் எழுதுகிறேன் என்பது புரியும்.

முதலில் உங்கள் காரில் வி2எல் இருக்கிறதா என்று பாருங்கள். காரின் பேட்டரியிலிருந்து சாதாரண 230 வோல்ட் மின்சாரத்தை வெளியே எடுக்கும் வசதிக்கு அதுதான் பெயர். நெக்ஸான் இவி, கர்வ் இவி, கிரெட்டா எலக்ட்ரிக், ஐயானிக் 5, அட்டோ 3 போன்ற வண்டிகளில் வருகிறது. ஆனால் எல்லா மாடலிலும் வேரியன்ட்டிலும் இருக்காது, சிலவற்றில் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். சுமார் 3.3 கிலோவாட் வரை கிடைக்கும், அதாவது ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் தாங்கும் அளவு. வீடு முழுவதற்கும் தானாகவே மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு வேறு. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2012-இல், நிஸான் தன் லீஃப் காருக்கு ஜப்பானில் அப்படியொரு கருவியைக் கொண்டுவந்தது. நான் இங்கே சொல்வது அது இல்லை. ஒரு கேபிள், ஒரு சாக்கெட், நாம் தேர்ந்தெடுத்த சில சாமான்கள், அவ்வளவுதான்.

குளிரில் பேட்டரி படுத்துவிடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. தில்லிக் குளிருக்கு அந்தப் பயம் தேவையில்லை. 2021 ஜனவரி 1 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. 1935-இல் ஒருமுறை பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 0.6 வரை போனது. வழக்கமான ஜனவரி இரவு நாலு, ஐந்து, ஏழு டிகிரிதான். லித்தியம் பேட்டரிக்கு உண்மையான கெடுதல், பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது அதை வேகமாகச் சார்ஜ் செய்வது. அதை வண்டியின் கட்டுப்பாட்டு அமைப்பே தடுத்துவிடும் அல்லது வேகத்தைக் குறைத்துவிடும். மின்சாரம் எடுப்பதில் என்ன நடக்கிறது என்றால், குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும், பெரிய கரண்ட் எடுத்தால் அது தெரியும். சாலையில் போகும்போது சர்வசாதாரணமாக 15, 20 கிலோவாட் கொடுக்கிற பேட்டரி இது. வீடு கேட்பது அரை கிலோவாட், மிஞ்சினால் ஒன்று. இவ்வளவு மெதுவாக எடுக்கும்போது ஐந்து டிகிரி குளிர் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் குளிரில் சோர்ந்துபோவது வீட்டு இன்வெர்ட்டரின் லெட்-ஆசிட் பேட்டரிதான். அதைப் பால்கனியில் வைத்திருந்தால் உள்ளே கொண்டுவாருங்கள்.

ஆக, கவலைப்பட வேண்டியது பேட்டரியின் குளிரைப் பற்றி இல்லை, நம் குளிரைப் போக்கும் சாமான்களின் பசியைப் பற்றி. இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

என் வண்டியில் 80 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36 யூனிட். இதில் 30 சதவீதத்தை, அதாவது 13.5 யூனிட்டை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் என்று ஒதுக்கிவிடுவேன். மீதி 22.5. நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவதிலும், வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் விழித்திருப்பதிலும் கொஞ்சம் போகும். 19 யூனிட் கையில் என்று வைத்துக்கொள்வேன். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் என்றால் நாள் முழுக்க ஓடினாலும் 8.4 யூனிட். ஃபிரிட்ஜுக்கு இந்தக் குளிரில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போதும். வைஃபை, நாலு எல்இடி விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 60 வாட்டைத் தாண்டாது. ஏர் பியூரிஃபையர் 50 வாட். தில்லி ஜனவரியில் அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஹீட்டரைப் பாருங்கள். 2,000 வாட் ஆயில் ஹீட்டர் நிற்காமல் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். ஒரே இரவில் கை காலி. அறையைச் சூடாக்காதீர்கள், ஆளைச் சூடாக்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். எலக்ட்ரிக் போர்வை நூறு வாட்டுக்குள்தான் இழுக்கும். இரவு முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. எல்லோரும் ஒரே அறையில் படுங்கள், கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள், படுக்கும் முன் அரை மணி நேரம் 800 வாட் ராட் ரூம் ஹீட்டரைப் போட்டு அணைத்துவிடுங்கள். குளியலுக்கு அஞ்ச வேண்டாம். 12 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 0.6 யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும், அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். ஆனால் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீஸர் ஓடும்போது வேறு எதையும் போட இடம் இருக்காது. வாட் மீட்டர் ஒன்று வாங்கி ஒவ்வொரு சாமானையும் அதில் மாட்டிப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிட அதைத்தான் நம்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரண்ட் போன இரவில் அங்கீட்டி என்ற கரியடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி வடக்கில் வருஷா வருஷம் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டீசல் ஜெனரேட்டருக்கோ குளிர்காலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துவிடும். காரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் புகையே இல்லை, மூடிய கார் ஷெட்டில் நின்றாலும் பயமில்லை. என்னைக் கேட்டால் இதன் மிகப் பெரிய லாபமே இதுதான்.

அடுத்தது ஒயரிங். இதில் மட்டும் யாரும் சமர்த்துக் காட்ட வேண்டாம்.

மிக எளிய, பாதுகாப்பான வழி எக்ஸ்டென்ஷன் கேபிள்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று கோர், 16 ஆம்பியர் பிளக். சாந்தினி சௌக் பக்கம் பகீரத் பேலஸில் கேட்ட நீளத்துக்கு வெட்டிக் கொடுப்பார்கள். 30 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் இழுத்தாலும் நாலைந்து வோல்ட்தான் குறையும். 1.5 சதுர மில்லிமீட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள், சூடாகும். ரீலில் சுற்றிய கேபிள் என்றால் முழுவதையும் பிரித்துப் போட்ட பிறகே மாட்ட வேண்டும். சுருளாகவே விட்டால் உள்ளே சூடு சேர்ந்து உறை உருகும். ஃபிரிட்ஜ், கான்சன்ட்ரேட்டர், போர்வை எல்லாவற்றையும் இந்தக் கேபிளின் முனையில் இருக்கும் போர்டிலேயே நேராக மாட்டிவிடலாம்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைத் தயார் செய்து, காரிலிருந்து வீட்டுச் சுவர் சாக்கெட்டுக்குள் கரண்டைச் செலுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் மறந்தால் போதும், நம் காரின் மின்சாரம் தெருக் கம்பத்துக்குப் போகும். பனியில் அந்தக் கம்பத்தில் ஏறி நமக்காக வேலை பார்க்கும் லைன்மேனின் உயிர் போகும். கையில் இருக்கும் மறுமுனையின் பித்தளைக் கம்பிகளிலும் முழு வோல்டேஜ் நிற்கும்.

சுவரில் இருக்கும் விளக்கு, பிளக்குகளுக்கே வேண்டுமென்றால் மூன்று நிலை கொண்ட டபுள் போல் சேஞ்சோவர் சுவிட்ச் போடுங்கள். ஒரு பக்கம் மெயின், நடுவில் ஆஃப், மறுபக்கம் கார். எங்களுக்கு வேலை செய்தவர் திரிலோக்புரியிலிருந்து வரும் தமிழ் எலக்ட்ரீஷியன் அண்ணன். அவர் போனிலேயே சொன்னார்: "பேஸை மட்டும் மாத்துற சுவிட்ச்சு வேணாங்கக்கா. நியூட்ரலையும் சேர்த்து வெட்டுறதா வாங்கிட்டு வாங்க, அப்புறம் வர்றேன்." அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் போடும்போது நியூட்ரலைப் பெரும்பாலும் வீட்டு நியூட்ரலோடு சேர்த்தே விட்டிருப்பார்கள். அதை அப்படியே காரோடு இணைத்தால் வண்டி பழுது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடலாம், மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் வீட்டின் ஆர்சிசிபி சுவிட்சும் விழலாம். அதனால் கார் ஊட்டும் சர்க்யூட்டை இரண்டு கம்பியோடும் தனியாகப் பிரித்துவிட வேண்டும். லைசன்ஸ் உள்ளவரை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சில வண்டிகளின் வி2எல் சாக்கெட்டில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் மங்கலாக எரியலாம். நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதப்பதால் அப்படி. இது கோளாறு இல்லை, ஆனால் 'இது நியூட்ரல், தொடலாம்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்று பொருள். இம்மர்ஷன் ராடை வி2எல்-இல் நான் போடுவதில்லை. போடுவீர்களானால் பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியில் கை வைக்க வேண்டும்.

பனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தில்லியில் விடிகாலையில் காரின் மேல் தண்ணீர் தெளித்தது போல ஈரம் நிற்கும். அடாப்டரின் கார் பக்கம் ஓரளவு தாங்கும். சாக்கெட் பக்கம் தாங்காது. இணைப்பைத் தரையில் விடாமல் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள், காற்றுக்கு இடம் விட்டு. கேபிள் சாக்கெட்டுக்கு வருமுன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ஜன்னல் வழியாகக் கேபிள் வந்தால் அந்தச் சந்து வழியே வரும் குளிர்காற்று ஹீட்டரை வீணாக்கிவிடும். சுவரில் ஒரு பிவிசி குழாய் பதித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

கரண்ட் போன உடனே காரை நோக்கி ஓட வேண்டியதில்லை. பழைய இன்வெர்ட்டர் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். கான்சன்ட்ரேட்டர் போன்ற கருவி இருக்கும் வீட்டில் அந்த இன்வெர்ட்டரைத் தூக்கிப் போடவே கூடாது, கார் கேபிள் மாட்டும் வரையிலான இடைவெளிக்கு அது வேண்டும். சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். வெட்டு நீளும் என்று தெரிந்தால் காரை மாட்டுங்கள், திரையில் எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பதை வைத்துவிடுங்கள். மோட்டார் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது மூன்று ஆம்பியர்தான் கேட்கும், கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கூடவே ஹீட்டரும் ஓடினால் கார் மொத்தத்தையும் அணைத்துவிடும்.

சார்ஜ் விஷயத்தில் ஒரு பழக்கம் போதும். வானிலைத் துறை குளிரலை எச்சரிக்கை கொடுத்தால், மாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்ததும், பேட்டரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சார்ஜில் போட்டுவிடுங்கள். நெக்ஸானில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. மீதம் எவ்வளவு என்பதை அதன் வோல்டேஜை வைத்துக் கணிப்பது சிரமம், அதனால் அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றினால்தான் திரையில் காட்டும் எண் சரியாக இருக்கும். நான் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி விழிக்காது, வி2எல்-உம் வராது. குளிரில் முதலில் கைவிடுவது அதுதான், டிசம்பருக்கு முன் சர்வீஸில் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் பால்கனியிலிருந்து கேபிளைத் தொங்கவிட வேண்டாம்; காற்றில் உரசி உறை கிழியும், யாராவது கீழே இழுப்பார்கள். கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் (சாக்கெட் வைத்த பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்கி, பார்க்கிங்கில் காரின் சாக்கெட்டில் சார்ஜ் ஏற்றி மேலே கொண்டுபோங்கள். ஒரு யூனிட் கொள்ளும் பவர் ஸ்டேஷன் இருந்தால், போர்வையைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு விளக்கு, வைஃபையோடு ஒரு இரவை ஓட்டிவிடலாம். எங்கள் மேல்வீட்டு அக்கா அப்படித்தான் செய்கிறார், எங்கள் காரிலிருந்தே ஏற்றிக்கொள்கிறார்.