களனி கங்கையின் நீர்மட்டத்தை நாமே கவனிப்பது எப்படி?

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் வெல்லம்பிட்டி, கொலன்னாவை, மட்டக்குளி வீடுகளில் எழும் முதல் கேள்வி, "கங்கை எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்பதுதான். கைபேசியில் ஓர் எண்ணும் வந்துவிடும். அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, முந்தைய அளவிலிருந்து எவ்வளவு மாறி என்பவையும் தெரிந்தால்தான் அந்த எண் பயன்படும். ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: நீர்மட்டம் அளக்கும் நிலையங்களை வரிசையாக எழுதுங்கள்

மலைநாட்டில் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கு அருகே கடலில் சேர்கிறது களனி. கொப்பியில் மேலிருந்து கீழாக இப்படி எழுதுங்கள்: கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி. கடைசியில் உள்ளதுதான் கொழும்பு நகரின் அளவுகோல்.

படி 2: எல்லை அளவுகளைக் குறியுங்கள்

நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை அளவுகளை வெளியிடுகிறது. நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016 மே மாதத்தில் அந்த 7 அடியும் தாண்டப்பட்டது. ஹங்வெல்லவில் அதே மூன்று எல்லைகள் 7, 8, 10 மீற்றர். அடியையும் மீற்றரையும் கலந்துவிடாதீர்கள். ஓரிடத்து எல்லையை இன்னோர் இடத்துக்குப் பொருத்தவும் கூடாது.

படி 3: ஏறும் வேகத்தைக் கணக்கிடுங்கள்

என்னைக் கேட்டால் இதுவே உயிர்நாடி. ஹங்வெல்லவில் காலை 9 மணிக்கு 6.2 மீற்றர், நண்பகல் 12 மணிக்கு 6.8 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் 60 சென்ரிமீற்றர், அதாவது மணிக்கு 20. இதே வேகத்தில் ஏறினால் இன்னும் ஒரு மணி நேரத்தில் எச்சரிக்கை மட்டம் வந்துவிடும். 6.8 என்ற எண்ணை மட்டும் பார்த்தவருக்கு "இன்னும் எல்லையைத் தொடவில்லை" என்ற நிம்மதிதான் கிடைத்திருக்கும்.

பிறகு மேலே பாருங்கள். கிளென்கோர்ஸில் நீர் இறங்கத் தொடங்கியும் நாகலகம் வீதியில் ஏறிக்கொண்டே இருக்கலாம். மேலே கடந்த நீர் இன்னும் வழியில் இருக்கிறது. ஹங்வெல்லவில் உச்சம் தொட்ட நேரத்தையும் நாகலகம் வீதியில் உச்சம் தொட்ட நேரத்தையும் ஒவ்வொரு வெள்ளத்திலும் குறித்து வையுங்கள். சில மழைக்காலங்கள் போனபின், உங்கள் பகுதிக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பது அந்தக் கொப்பியிலேயே தெரியும். கொழும்பில் வெயில் அடிப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். மலையில் பெய்யும் மழையும் அங்குள்ள நீர்த்தேக்கங்களின் வான்கதவுகளும் நம் வானத்தைப் பார்த்து நடப்பதில்லை.

படி 4: கடலையும் சேர்த்துப் படியுங்கள்

மேல் பகுதியில் நீர்மட்டம் தெரிந்தால் நீரோட்டத்தை மதிப்பிடலாம். பல்வேறு மட்டங்களில் ஓட்டத்தை அளந்து, இரண்டையும் இணைக்கும் வரைகோடு ஒன்றைப் பொறியியலாளர்கள் தயாரித்து வைத்திருப்பார்கள். முகத்துவாரத்தை நெருங்கும்போது அது நம்பகமாக இராது. கடல் பெருக்கின்போது ஆற்று நீர் தடைப்பட்டு மட்டம் உயரும், ஓட்டம் கூடியிராது. கொழும்புக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆயினும் அடிக்கணக்கில் எல்லை வகுத்திருக்கும் இடத்தில் அதுவும் பெரிது. ஆகவே அளவுக்குப் பக்கத்தில் பெருக்கா, வற்றா என்றும் எழுதுங்கள்.

படி 5: ஓட்டத்தை அளந்து பழகுங்கள்

இதற்குச் சிறிய கால்வாய் போதும். நீர் அமைதியாக இருக்கும் நாளில், பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். கரையில் 20 மீற்றர் அளந்து, தோடம்பழம் ஒன்றை நடு ஓட்டத்தில் மிதக்கவிடுங்கள். 25 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 0.8 மீற்றர். மேற்பரப்பு நீர் அடியிலுள்ளதைவிட விரைவாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்குங்கள்: 0.68. கால்வாயின் அகலம் 6 மீற்றர், சராசரி ஆழம் 1 மீற்றர் என்றால், ஓட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய 4 கன மீற்றர். வெள்ள நேரத்தில் எந்தக் கரைக்கும் இறங்காதீர்கள். அப்போது அளப்பது திணைக்களத்தின் வேலை. உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.

மழை விட்டதும் கொப்பியை மூடிவிடாதீர்கள். வறண்ட மாதங்களில் ஓட்டம் குறையும்போது கடலின் உப்புநீர் ஆற்றுக்குள் மேலேறும். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கப்படும் அம்பத்தலையில் உப்புத் தடுப்பு தேவைப்பட்டது அதனால்தான். எனவே பெப்ரவரியிலும் வாரம் ஒரு முறையாவது நாகலகம் வீதி, ஹங்வெல்ல அளவுகளை எழுதி வையுங்கள்.